வெள்ளிப் பாதணியும் மாணிக்கப் பாதணியும்

நாவலை வாசித்தவரும் அதன் திரைப்படத்தை மாத்திரம் பார்த்தவரும் ஒரே வீட்டில் இருப்பின், அவ்வீட்டில் வழக்குக்குப் பஞ்சமிராது. "நூலில் உள்ளது படத்தில் இல்லையே" என்று ஒருவர் குறைப்படுவார். "உள்ளதையெல்லாம் காட்டினால் விடியும்வரை படமாளிகையில் இருக்க வேண்டுமே" என்பார் மற்றவர். மாயக் கதைகளைப் பொறுத்தவரை இவ்வழக்கு இன்னும் சூடுபிடிக்கும். எங்கும் காணாத நாடொன்றை வாசகன் தன் மனத்தில் தானே கட்டி எழுப்பியிருக்கின்றான். அதனை மற்றொருவர் மாற்றிக் கட்டினால் அவனுக்குப் பொறுக்குமா?

நாமும் அத்தகைய வாசகரே. ஆகவே, நாம் நெடுங்காலமாக நேசித்துவரும் ஒரு நூலை முன்வைத்து இவ்வழக்கைச் சற்று விசாரிப்போம். அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங் போம் 1900ஆம் ஆண்டில் சிறுவர்க்கென வெளியிட்ட ஓஸ் மாயாவியின் கதையே அது. 1939இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் அதனைப் படமாக்கினர்.

கன்சாஸ் மாநிலத்துப் பண்ணையொன்றில் வாழும் டொரத்தி என்னும் சிறுமி, சூறாவளியால் வீட்டோடு தூக்கிச் செல்லப்பட்டு, ஓஸ் என்னும் மாயநாட்டில் வந்து விழுகின்றாள். வீடு திரும்ப வழிதேடும் அவளுடன், மூளை வேண்டும் வெருளியும், இதயம் வேண்டும் தகர மனிதனும், துணிவு வேண்டும் சிங்கமும் சேர்ந்துகொள்கின்றனர். இவ்வளவும் இரண்டுக்கும் பொது.

முதலிற் படத்துக்கு உரிய புகழைக் கொடுத்துவிடுவோம். கன்சாஸை முற்றிலும் சாம்பல் நிறமாகவே போம் தீட்டுகின்றார். வெயிலிற் கருகிய நிலமும், புல்லும், வீடும், ஏன், மாமாவும் மாமியுங்கூட அங்கே சாம்பல் நிறந்தான். படத்திலோ கன்சாஸ் காட்சிகள் மங்கிய கபில நிறத்தில் ஓடுகின்றன. டொரத்தி கதவைத் திறந்து ஓஸ் நாட்டில் அடிவைக்கும் கணத்தில் வண்ணங்கள் பொங்கிப் பாய்கின்றன. நூல் பல வரிகளிற் செய்ததை அங்கே ஒரு கதவு செய்துவிடுகின்றது. ஜூடி கார்லண்டின் குரலோ எந்த நூலிலும் நாம் கேட்க முடியாத ஒன்று.

மாற்றங்களுட் சில பொறுக்கத்தக்கவை. நூலில் டொரத்தி அணிவது வெள்ளிப் பாதணி. வண்ணப்படத்தில் எடுப்பாகத் தோன்றும்பொருட்டு அது மாணிக்கப் பாதணியாயிற்று. வடக்கிலும் தெற்கிலுமாக இருந்த நல்ல சூனியக்காரிகள் இருவர் ஒருவராயினர். இவற்றுக்காக நாம் சண்டைபிடிக்க மாட்டோம்.

வேறு சில இழப்புகளோ மனத்தை வருத்துகின்றன. பொப்பி மலர்களின் மணத்தால் டொரத்தியும் சிங்கமும் மயங்கி உறங்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் நல்ல சூனியக்காரி பனியைப் பொழிவிக்க, யாவரும் விழித்தெழுகின்றனர். நூலிலோ, டொரத்தியை வெருளியும் தகர மனிதனும் தூக்கிச் செல்கின்றனர். தூக்க முடியாத சிங்கத்தை ஆயிரக்கணக்கான வயல் எலிகள் வண்டியில் வைத்து இழுத்து மீட்கின்றன. தம் அரசியைத் தகர மனிதன் காட்டுப் பூனையிடமிருந்து காத்தமைக்கு அவை செய்யும் கைம்மாறு அது. வண்டி செய்யும் உபாயத்தைச் சொல்வது யார்? தனக்கு மூளையில்லை என்று ஏங்கும் வெருளியேதான்! தாம் தேடி அலைவது தம்மிடமே உள்ளது என்பதை இம்மூவரும் அறியாதிருக்கின்றனர். வாசிக்கும் பிள்ளையோ அறிந்துகொள்கின்றது. மந்திரப் பனி அந்த அறிவின்மேலும் சிறிது விழுந்து மூடிவிட்டது.

எமது பெரிய மனக்குறை முடிவைப் பற்றியது. படத்தில் டொரத்தி தன் கட்டிலிற் கண்விழிக்கின்றாள். கண்டதெல்லாம் கனவு என்கின்றனர் பெரியோர். நூலில் அது கனவன்று. அவள் திரும்பி வரும்பொழுது மாமா புதிய வீடொன்று கட்டியிருக்கின்றார். பழைய வீட்டைத்தான் சூறாவளி கொண்டுபோய்விட்டதே! அவள் காலிலே பாதணியும் இல்லை. வான்வழி வருகையிற் கழன்று பாலைவனத்தில் விழுந்துவிட்டது. 1910இல் வெளியான தொடர் நூலொன்றில் மாமாவும் மாமியுமே ஓஸ் நாட்டிற் குடியேறுகின்றனர். கனவிற் குடியேற எவரால் இயலும்?

இது அற்பக் குறையன்று. தான் கடந்துவந்த ஆபத்தையும் தேடிக்கொண்ட நட்பையும் ஒரு பிள்ளை சொல்லும்பொழுது, "கனவு கண்டாய், உறங்கு" என்று பெரியோர் கூறுவது எத்துணை எளிது! படத்திலும் டொரத்தி அதனை ஏற்காது, அது மெய்யான இடமே என்று வாதாடுகின்றாள். சூழ நின்றோர் நம்பவில்லை. நூலை வாசித்த நாம் நம்புகின்றோம். புதிய வீட்டையும் வெறுங்கால்களையும் நாம் கண்டிருக்கின்றோம் அல்லவா?

ஆகவே பெற்றோர்க்கும் மாணவர்க்கும் நாம் கூறுவது இதுவே: படத்தைத் தவறாது பாருங்கள். ஆனால், முதலில் நூலை வாசித்துவிடுங்கள். பிறகு டொரத்தியின் பக்கம் நின்று சாட்சி சொல்ல வீட்டில் ஒருவராவது இருப்பார்.