பீச்சில் சிங்கம் நடக்கும்... நமீபியாவின் 'எலும்புக்கூடு கடற்கரை'க்கு ஒரு டிரைவ்!

சஃபாரின்னாலே புல்வெளியும் ஒட்டகச்சிவிங்கியும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, ஒரு பக்கம் பாலைவனம், மறுபக்கம் அட்லான்டிக் கடல், நடுவுல உங்க ஜீப். இப்படியும் ஒரு சஃபாரி இருக்கு. இடம், நமீபியாவின் 'ஸ்கெலிட்டன் கோஸ்ட்'.

ஏன் இந்தப் பேர்?

தெற்கிலிருந்து வரும் பெங்குவெலா என்ற குளிர் நீரோட்டம், கடல் காற்றைக் குளிர்விச்சு அடர்ந்த மூடுபனியா மாத்திடும். மழை மட்டும் கிட்டத்தட்ட கிடையாது. பனியில் கரை தெரியாம தரைதட்டிய கப்பல்கள் ஏராளம். தப்பிச்சு கரையேறினாலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கப்பல்களின் மிச்சங்களும் திமிங்கல எலும்புகளும்தான் இந்தப் பேருக்குக் காரணம்.

என்ன பார்க்கலாம்?

ஸ்வாகோப்முண்ட் நகரிலிருந்து சுமார் 120 கி.மீ வடக்கே போனா கேப் கிராஸ். 1486-ல் போர்ச்சுகீசிய மாலுமி டியோகோ காவ் சிலுவை நட்ட இடம். இன்னைக்கு அங்கே ராஜ்ஜியம் பண்றது பல்லாயிரக்கணக்கான சீல்கள். குட்டிகள் பிறப்பது நவம்பர், டிசம்பரில். நாத்தம் தாங்காது, மூக்கைப் பொத்த துணி மஸ்ட்!

குட்டிகளைக் குறிவெச்சு நரிகளும் பழுப்புக் கழுதைப்புலிகளும் சுத்தும். இன்னும் வடக்கே, பாலைவனச் சிங்கங்கள் கரைக்கே வந்து சீல்களை வேட்டையாடுறதும் உண்டு. ஆனா, அது எல்லார் கண்ணிலும் படாது.

கிளம்பும் முன்...

* நம்ம ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்டணும். உப்புச் சாலையில் பனி ஈரம் பட்டா வழுக்கும், வேகம் வேண்டாம்.
* ஹென்டிஸ் பேயிலேயே டேங்கை நிரப்பிடுங்க. ஸ்டெப்னி, குடிதண்ணீர் கூடுதலா இருக்கட்டும்.
* தேசியப் பூங்காவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேணும். பைக்குக்கு நோ என்ட்ரி!
* டெரஸ் பேக்கு வடக்கே நாமளே வண்டி ஓட்டிட்டுப் போக முடியாது.

ரோட்டை விட்டு இறங்காதீங்க!

வெறும் கல்லும் மண்ணுமாத் தெரியுற தரையில் லைக்கன் என்ற உயிரினம் படர்ந்திருக்கு. மூடுபனியைக் குடிச்சே வாழும் இது, வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிசு. மழை வந்து அழிக்காததால, ஒரே ஒரு டயர் தடம் பல பத்தாண்டுகளுக்கு அப்படியே இருக்கும்.

ஒரு ரீல்ஸுக்காக நீங்க அடிக்கிற வட்டத்தை, உங்க பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டியிருக்கும். தேவையா பாஸ்?