புண் ஆற வழி விடுங்கள்

தொழுநோயாளியின் காலில் புண் வந்தால் ஆறாது, அவர்களின் சதையே கெட்டுப்போன சதை என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அதை ஏற்கவில்லை. புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் ஆறுவதுபோல் அவர்களுக்கும் ஆறியது. சதையில் குறையே இல்லை. நரம்பு செத்து வலி தெரியாததால், புண்ணை மிதித்தபடியே நடந்துகொண்டிருந்தார்கள்.

ஆற்றுவது உடம்பின் வேலை. அடிபட்டதும் தட்டணுக்கள் கூடி ரத்தம் உறைகிறது. வெள்ளணுக்கள் கிருமியையும் செத்த திசுவையும் அகற்றுகின்றன. முதல் சில நாள் சிவப்பும் வீக்கமும் அதனால்தான். பிறகு புது ரத்தக் குழாய்கள் முளைக்கும், கொலாஜன் நிரம்பும், ஓரங்களிலிருந்து தோல் செல்கள் நகர்ந்துவந்து மூடும். தழும்பு முதிர ஓராண்டுகூட ஆகலாம். அப்போதும் பழைய தோலின் வலுவில் சுமார் 80 சதவீதம்தான் திரும்பும்.

நகரும் செல்லுக்கு ஈரம் வேண்டும். ஜார்ஜ் விண்டர் 1962-ல் பன்றிகளின் தோலில் இதைக் காட்டினார். பாலித்தீன் தாளால் மூடிய காயங்கள், காற்றில் காய்ந்து பக்கு கட்டியவற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடின. 'காற்றாட விடு' என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! சின்னக் காயமென்றால் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, வாசலின் தடவி, சுத்தமான துணியால் மூடினால் போதும். காபிப் பொடி அப்ப வேண்டாம். நுரைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊற்றினால் முளைக்கும் செல்களும் சேர்ந்து சாகும். புகையை விட்டு, முட்டை, பருப்பு என்று புரதம் சேர்த்துக்கொள்வது நல்லது.

எனக்குப் பெரிய கவலை சர்க்கரை நோயாளிகளின் பாதம்தான். அவர்களுக்கும் நரம்பு மரத்துவிடுகிறது. 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அந்த மாவுக்கட்டு முறையையும் கொண்டுபோனார். அங்கிருந்து அது சர்க்கரை நோயாளிகளையும் எட்டியது. இங்கேயோ, நாள் தவறாமல் கட்டு மாற்றுகிறார்கள். மாற்றிக்கொள்ள அதே காலை ஊன்றி நடந்து வருகிறார்கள். மருந்து எதுவானாலும், பாரம் குறையாமல் அந்தப் புண் மூடாது. ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் சீழ் பிடித்த காலுக்கும் மாவுக்கட்டு ஆபத்து என்பதால் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த முறை போகும்போது, பாதத்தின் பாரத்தை இறக்க மாவுக்கட்டா, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பா, ஊன்றுகோலா என்று கேட்டு வாங்குங்கள்.