செவிச்செல்வம் – 17: பெருந்துப்பாக்கிக்கு ஏற்ற சைலன்சர்

தறிக்கூடம், பட்டறை, ரயில்வே யார்டு என்று மனிதர் கட்டிவைத்த இடங்களின் இரைச்சலையே இதுவரை பார்த்துவந்தோம். இந்த வாரம் காட்டுக்குப் போகலாம்.

பின்லாந்து, அக்டோபர் மாதம். மூஸ் வேட்டைப் பருவம். மூஸ் என்பது மான் குடும்பத்திலேயே பெரியது. தோள் ஆள் உயரத்துக்கு இருக்கும், வளர்ந்த கிடா 400, 500 கிலோகூட வரும். குழுவாகத்தான் வேட்டை நடக்கும். ஒருவர் நாயோடு காட்டுக்குள் இறங்குவார். மற்றவர்கள் குழுத்தலைவர் காட்டிய இடங்களில் ஆளுக்கொரு பக்கம் அசையாமல் நிற்பார்கள். நாய் மூஸை மறித்துக்கொண்டு விடாமல் குரைக்கும். குரைப்பு நின்ற இடத்திலேயே கேட்கிறதா, நகர்கிறதா, நம் பக்கம் வருகிறதா, எங்கே சுள்ளி முறிகிறது என்று நிற்பவருக்கு எல்லாத் தகவலும் காது வழியாகத்தான் வந்து சேரும். அதனால் காதை அடைத்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வராது. துப்பாக்கியின் குதிரையை இழுக்கும் நொடியில், அந்தத் திறந்த காதுக்கு ஒரு கை தூரத்தில் 160 டெசிபலுக்கு மேல் வெடிக்கிறது.

வேலைத்தளங்களில் கண நேர வெடியொலிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் வைத்த உச்ச வரம்பு 140 டெசிபல். டெசிபல் கணக்கில் 20 கூடினால் ஒலியழுத்தம் பத்து மடங்கு ஆகிறது. உட்செவியின் மயிரணுக்கள் ஒரே வேட்டில் சிதையலாம். செத்த அணு மறுபடி முளைப்பதில்லை. காதுக்குள் ஓயாத இரைச்சலோடு காலமெல்லாம் வாழும் வேட்டைக்காரர்கள் ஏராளம்.

துப்பாக்கி சைலன்சர் பிறந்ததும் காது போன ஒருவரின் குடும்பத்தில்தான். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம், தன் துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்தே செவிடானவர். அவருடைய மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் அமெரிக்காவில் சைலன்சருக்குக் காப்புரிமை பெற்றார். மோட்டார் வண்டியின் புகைக்குழாயில் இருக்கும் சைலன்சர் செய்யும் வேலைதான் இதற்கும்: பீறிட்டு வரும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, விரியவிட்டு, ஆறவிட்டு, மெல்ல வெளியேற்றுவது. 1934-இல் அமெரிக்கா இதன் மேல் 200 டாலர் வரி போட்டது. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அது சாமானியர் தொட முடியாத தொகை. அந்த வரி 2026 ஜனவரியில்தான் பூஜ்யமானது, பதிவு செய்யும் கட்டாயம் இன்னும் நீடிக்கிறது. வட ஐரோப்பாவின் கதை வேறு. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டைச் சாமான் கடையில் தொலைநோக்கிக்குப் பக்கத்து அலமாரியில் இது இருக்கும். காதைக் காக்கும் கருவி என்றே அங்கே இதைப் பார்க்கிறார்கள். எனக்கும் அதுவே சரியான பார்வையாகப் படுகிறது.

சினிமாவில் கேட்கும் 'புஸ்' சத்தத்தை மறந்துவிடுங்கள். நல்ல சைலன்சர் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும், அவ்வளவுதான். 165 என்பது 135 ஆனால் அது இன்னும் பலத்த வெடியோசைதான். ஆனால் ஆபத்துக் கோட்டுக்குக் கீழே வந்துவிட்ட வெடியோசை. தவிர, ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். பெரிய வேட்டை ரைஃபிளின் குண்டு அதைப்போல் இரு மடங்கு வேகத்தில் போகிறது. அது காற்றைக் கிழிக்கும் ஓசையை எந்தச் சைலன்சரும் தொட முடியாது.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? பெரும்பாலானோர் பெட்டியின் மேல் அச்சடித்த டெசிபல் எண்ணைப் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரு நிறுவனம் குழல்வாய்க்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டரில் அளந்திருக்கும், இன்னொன்று சுடுபவரின் காதருகே அளந்திருக்கும். குழல் நீளமும் தோட்டாவும் வேறாக இருக்கும். இரண்டு பெட்டிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது துளை. வடக்கே மூஸ் வேட்டைக்காரர்கள் விரும்பும் பெரிய தோட்டாக்களில் ஒன்று 9.3x62, பெர்லின் துப்பாக்கிக் கொல்லர் ஓட்டோ போக் 1905-இல் ஆப்பிரிக்க வேட்டைக்கென்று உருவாக்கியது. அதன் குண்டு 9.3 மில்லிமீட்டர் தடிமன், 18.5 கிராம் எடை. .308 ரைஃபிளுக்கென்று செய்த, 7.8 மில்லிமீட்டர் குண்டு போக மட்டும் இடம் விட்ட சைலன்சரை இதில் மாட்டிச் சுட்டால் குண்டு உள்தட்டுகளில் மோதி எல்லாவற்றையும் பிய்த்தெறியும். வீட்டில் இரண்டு மூன்று ரைஃபிள் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடாத தவறு இது. மாறாக, 9.3-க்கான சைலன்சரைச் சிறிய ரைஃபிளில் மாட்டலாம், குழல்வாயில் திருகும் மரை பொருந்தினால். துளை பெரிதாக இருப்பதால் ஒலி சற்றுக் கூடுதலாகக் கசியும், ஆபத்தில்லை. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பெரிய துளைக்கே வாங்க வேண்டும்.

அடுத்தது மரை. இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ரைஃபிள்களில் M14x1, M15x1, M18x1 என்ற அளவுகளை அதிகம் பார்க்கலாம். 14 மில்லிமீட்டர் வாயில் ஒரு மில்லிமீட்டர் மரை வெட்டினால், பள்ளத்தில் மிஞ்சுவது 13-க்கும் சற்றுக் குறைவு. நடுவில் 9.3 மில்லிமீட்டர் ஓட்டை. ஆக, மரையின் அடியில் சுற்றிலும் நிற்கும் உருக்கின் கனம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அரைக் கிலோச் சாமானை அதன் மேல் ஏற்றி, காட்டில் மரத்துக்கு மரம் இடித்துக்கொண்டு நடக்கிறார் மனிதர். .308-க்கு M14 தாராளம், 9.3-க்கும் அதைவிடச் சற்றுப் பெரிய .375-க்கும் குழல்வாய் இடம் கொடுத்தால் M15, இன்னும் நல்லது M18. மரையைக் கைதேர்ந்த துப்பாக்கிக் கொல்லர்தான் வெட்ட வேண்டும், குழலின் வெளிப்புறத்தை நம்பாமல் உள்துளையின் மையத்தை வைத்து. மாட்டியபின் துளை வழியே நேரான சோதனைக் கம்பியை விட்டு, அது சைலன்சரின் வாயில் நடுவே வருகிறதா என்று பார்க்காமல் முதல் வேட்டுப் போடக் கூடாது.

பிறகு வாயுவின் அளவு. பெரிய தோட்டாவில் மருந்து அதிகம், அதை விழுங்க உள்ளே இடமும் அதிகம் வேண்டும். குழல் குட்டையானால் வாயு இன்னும் அதிக அழுத்தத்தோடு வெளிவரும். இன்ன தோட்டாவுக்குக் குறைந்தது இன்ன நீளக் குழல் வேண்டும் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பார். அந்த வரியை எழுத்துக்கு எழுத்து மதிக்க வேண்டும். ஆனால் 57 சென்டிமீட்டர் குழலின் முனையில் இன்னொரு 20 சென்டிமீட்டரைச் சேர்த்தால் அடர்ந்த தளிர்க்காட்டில் திரும்பவே முடியாது, ஓடும் விலங்கின் பின்னே முனை தாமதமாகத்தான் வரும். இதற்குத்தான் குழலின் மேல் பின்னோக்கி உறைபோல் அமரும் வகை இருக்கிறது. இடம் பெரிது, வெளியே நீட்டும் நீளம் சிறிது, எடையும் கைப்பக்கம் வந்துவிடும். மூஸ் காட்டுக்கு என் ஓட்டு இதற்கே. குழலின் வெளித்தடிமன் அதற்குள் போகுமா என்று மட்டும் அளந்துகொள்ள வேண்டும்.

உலோகத்தில் அலுமினியம் லேசு, விலையும் குறைவு. பெரிய தோட்டாவின் முதல் தடுப்புத்தட்டுக்கு அது தாங்காது. அந்தத் தட்டாவது உருக்காக இருக்க வேண்டும். டைட்டானியம் லேசும் வலுவும் கொண்டது, விலை கடிக்கும். வேட்டையன்று ஒன்றிரண்டு வேட்டோடு முடிந்துவிடும்; சைலன்சருக்கு உண்மையான சோதனை பயிற்சித் திடலில்தான். மூஸ் வேட்டைக்குப் பின்லாந்தில் சுடுதேர்வு உண்டு: 75 மீட்டரில், 23 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் நான்கு குண்டுகள். தேர்வுக்கு முன் அடுத்தடுத்துச் சுட்டுப் பழகும்போதுதான் தட்டுகள் கொதித்து அரிபடுகின்றன. இடைவெளி விட்டு ஆறவைத்துச் சுட வேண்டும்.

பெரிய ரைஃபிளின் பின்னுதைப்பையும் சைலன்சர் கணிசமாகக் குறைக்கிறது. உதைப்புக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுகிறவரின் குண்டு தவறான இடத்தில் பாய்ந்து, விலங்கு வதைபட்டுச் சாகும். உதைப்பைக் குறைக்கக் குழல்வாய் பிரேக்கும் உண்டு. ஆனால் அது வாயுவைப் பக்கவாட்டில் திருப்பிப் பக்கத்தில் நிற்பவர் காதிலும் நாயின் காதிலும் அடிக்கும். காதடைப்பானை நாய்க்கு யார் மாட்டுவது? இந்த ஒரு காரணத்துக்காகவே வேட்டையில் பிரேக்கை நான் ஏற்க மாட்டேன்.

தோட்டாவே இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டுமா என்றும் கேட்கலாம். 10 கிராம் குண்டு 100 மீட்டரில் 2,000 ஜூல் ஆற்றலோடு போனால் மூஸுக்குப் போதும் என்கிறது பின்லாந்து விதி. .308 அதை எளிதாகத் தாண்டும், காதுக்கும் தோளுக்கும் இதம். கரடியும் குறியில் இல்லாதவருக்கு நான் சொல்வது அதையே.

சைலன்சரை மாட்டியபின் துப்பாக்கியின் குறியை மறுபடி சரிபார்க்க வேண்டும். முனையில் எடை ஏறினால் குண்டு விழும் இடம் நகரும். வீடு திரும்பியதும் கழற்றிவிட வேண்டும். உள்ளே தங்கும் ஈரமும் மருந்துக் கரியும் சேர்ந்து ஒரே இரவில் குழல்வாயில் துரு ஏற்றும். கழற்றியதை நிமிர்த்தி, சூடான அறையில் காயவிட்டால் போதும். பயிற்சித் திடலுக்குப் போகும்போது மட்டும், சைலன்சர் இருந்தாலும் காதடைப்பானும் கட்டாயம். அங்கே கேட்பதற்கு நாயும் இல்லை, மூஸும் இல்லை. அடுத்த மேடையில் சுடுகிறவர் சைலன்சர் இல்லாமல் வந்திருக்கலாம்.

(தொடரும்)