வில்லா, வுட்டா?

பி.காம். முடித்த கையோடு ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்தேன். வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு மெயில் அடிக்கும் உத்தியோகம். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று மேனேஜர் நம்பினார். நானும் நம்பினேன் என்பதுதான் சோகம்.

'வில்' என்றால் அதட்டுகிற மாதிரி, 'வுட்' என்றால் கைகட்டி நிற்கிற மாதிரி என்பது அப்போது என் கட்சி. அந்தப் பணிவோடு ஒரு பார்ட்டிக்கு எழுதினேன்: "இஃப் யூ பே தி அட்வான்ஸ், வீ வுட் ஷிப் தி கூட்ஸ் இன் டென் டேஸ்."

மறுநாள் ஒரே வரியில் பதில்: "வுட் யூ, ஆர் வில் யூ?"

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சரக்கை அனுப்புவீங்களா, அனுப்பற மாதிரி கனவு காண்பீங்களான்னு கேக்கறான்யா!"

அட்வான்ஸ் வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. என் வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப் போயிற்று.

பிறகு டீக்கடையில் வைத்து அவரே பாடம் எடுத்தார். நடக்கக்கூடிய காரியமா? "இஃப் யூ பே, வீ வில் ஷிப்." நடப்பது சந்தேகம், அல்லது வெறும் கற்பனையா? "இஃப் யூ பெய்ட், வீ வுட் ஷிப்." இந்தப் 'பெய்ட்' நேற்றைய சமாசாரம் இல்லை, 'நீ எங்கே கொடுக்கப் போறே' என்கிற சந்தேகம்தான் இறந்தகால வேஷம் போட்டு நிற்கிறது. சந்தர்ப்பமே கைவிட்டுப் போய்விட்டதா? "இஃப் யூ ஹேட் பெய்ட், வீ வுட் ஹாவ் ஷிப்டு." நான் முதல் வாக்கியத்தின் தலையையும் இரண்டாவதின் வாலையும் ஒட்டியிருந்தேன்.

தப்பு முழுக்க என்னுடையதில்லை ஸார், தமிழுக்கும் அதில் பங்குண்டு. "செக் வந்தால் தருவேன்" என்கிறோம். "கோடி ரூபாய் கிடைத்தால் பங்களா கட்டுவேன்" என்கிறோம். நிஜத்துக்கும் பகல் கனவுக்கும் நமக்கு ஒரே 'ஆல்'தான். எது எது என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மெயிலுக்கு ஏது முகம்? "வந்திருந்தால் தந்திருப்பேன்" என்பதில் மட்டும் நமக்குக் குழப்பமே வராது. நழுவிப் போனதைப் பற்றிப் பேச நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

'வுட்' மரியாதையான வார்த்தைதான், கேட்கும்போது. "வுட் யூ ப்ளீஸ் சைன் ஹியர்?" என்றால் எதிராளி குளிர்ந்து போவார். வாக்குக் கொடுக்கும்போது அதே 'வுட்' நழுவுகிற மாதிரி இருக்கும். எனவே இளைஞர்களே, உதவி கேட்கிறீர்களா, வுட். உறுதி கொடுக்கிறீர்களா, வில். இன்னொன்று: அவசரப்பட்டு 'இஃப்' பக்கத்திலேயே 'வில்'லை நட்டுவிடாதீர்கள். "இஃப் யூ வில் பே" என்றால் 'பணம் தரச் சம்மதமானால்' என்று அர்த்தமே மாறும்.

நினைவில் வைக்க நம் ஊர் வழி ஒன்று. நாணேற்றி எய்தால் அம்பு கிளம்பும், அது வில். கற்பனைக் குதிரையைத் தட்டி வுட்டால், அது வுட்!

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சகதர்மிணி எட்டிப் பார்த்தாள். "இந்தக் கட்டுரைக்கு செக் வந்தா மிக்ஸி வாங்கித் தருவீங்களா?"

"வாங்கித் தருவேனே!"

"அதை இங்கிலீஷ்ல சொல்லுங்க, பார்ப்போம்."

ஆசிரியர் அவர்களே, நான் என்ன சொல்லட்டும்?