ஸ்டாச்சூவில் நிற்கும் கும்பகோணத்துக்காரர்

திருவனந்தபுரத்தில் பஸ் ஏறினால் "ஒரு ஸ்டாச்சூ" என்று டிக்கெட் கேட்கிறோம். யாருடைய சிலை என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். ரயில்வே வேலைக்காக இவ்வூருக்கு வந்த நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் அந்தப் பெருமகனார், 1828-இல் கும்பகோணத்தில் பிறந்த ராஜா சர் டி. மாதவராவ்.

தஞ்சை மராட்டியக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை ரங்கராவும் திருவிதாங்கூர் திவானாக இருந்தவரே. சென்னையில் பவல் என்ற ஆங்கில ஆசிரியரிடம் படித்த மாதவராவ், 1849-இல் இங்குள்ள இளவரசர்களுக்கு ஆசிரியராக வந்தார். அவர்களில் மூத்தவரான ஆயில்யம் திருநாள் ஆசிரியரைவிட நான்கு வயதுதான் இளையவர்! பிறகு வருவாய்த் துறையில் சேர்ந்து, திவான் பேஷ்காராகி, 1857-இல் திவான் பொறுப்பேற்றார். 1858-இல் பதவி உறுதியானது. வயது முப்பதுதான்.

அவர் பெற்றுக்கொண்டது காலியான கஜானா. சம்பளப் பாக்கி ஏறிக் கிடந்தது. நிர்வாகம் சீர்படாவிட்டால் ராஜ்யமே கைவிட்டுப் போகும் என்று டல்ஹௌசி காலத்திலேயே எச்சரிக்கை வந்திருந்தது. மாதவராவ் மிளகு வியாபாரத்தில் அரசுக்கிருந்த ஏகபோகத்தை 1860-இலும், புகையிலை ஏகபோகத்தை 1863-இலும் ஒழித்தார். 1865-இல் வந்த பண்டாரப்பாட்டப் பிரகடனம், அரசு நிலத்தை உழுத குடியானவர்களுக்கு அதை விற்கவும் அடகு வைக்கவும் உரிமை தந்தது. கடனும் அடைந்தது. நாம் இன்று பார்க்கும் செயலகக் கட்டடம் 1869-இல் திறக்கப்பட்டதும் அவர் காலத்தில்தான்.

குறையும் சொல்ல வேண்டும். நாஞ்சில் நாட்டு அன்பர்கள் தோள்சீலைப் போராட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். 1859 ஜூலையில் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்றது. ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. கணக்கில் காட்டிய துணிவை அவர் அங்கே காட்டவில்லை.

1860-இல் பட்டத்துக்கு வந்த ஆயில்யம் திருநாள் முதலில் தம் ஆசிரியரை முழுமையாக நம்பினார். நாளடைவில் மனவேற்றுமை வளர்ந்தது. 1872-இல் திவான் விலக நேர்ந்தது. அவர் இடத்துக்கு வந்தவர் அவருடைய பள்ளித் தோழரான சேஷய்ய சாஸ்திரி.

பிறகு இந்தூரில் திவான் வேலை. 1875-இல் பரோடா. அங்கே பன்னிரண்டு வயதுச் சிறுவனாகப் பட்டத்துக்கு வந்த சயாஜிராவுக்காக ராஜ்யத்தை நடத்தினார். 1881 இறுதியில் சயாஜிராவ் அதிகாரம் ஏற்றார். 1882-இல் மாதவராவ் விலகினார். பிள்ளை வளர்ந்து சாவியைக் கையில் வாங்கியதும் வளர்த்தவருக்கு வீட்டில் இடமில்லை. இரண்டு முறையும் இதே கதைதான். கடைசியில் மயிலாப்பூரில் ஓய்வு. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரசுக்கு வரவேற்புக் குழுத் தலைவர். 1891-இல் காலமானார்.

ஹென்றி ஃபாசெட் என்ற ஆங்கிலேய அறிஞர் அவரை 'இந்தியாவின் டர்கோ' என்று புகழ்ந்தார். டர்கோ பிரான்சின் நிதியமைச்சர். தானிய வியாபாரத்தைக் கட்டவிழ்த்து, செலவைக் குறைத்து, இரண்டே ஆண்டுகளில், 1776-இல், இளம் அரசன் பதினாறாம் லூயியால் நீக்கப்பட்டவர். ஃபாசெட் சொன்ன அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே வீழ்ச்சியும் அடங்கியிருந்தது!

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். டர்கோ போனதும் அவருடைய சீர்திருத்தங்களும் போயின. மாதவராவ் போன பிறகும் பாட்டப் பிரகடனம் நிலைத்தது. அவரிடம் படித்த மற்றோர் இளவரசரான விசாகம் திருநாள் 1880-இல் பட்டமேறினார். 1867-இல் தொடங்கிய வர்க்கலைப் படகுச் சுரங்கங்கள் அதே 1880-இல் முடிந்தன. ஒருவர் அஸ்திவாரம் போட, இன்னொருவர் திறந்து வைப்பது எங்கள் தொழிலில் புதிதல்ல. வேலை நின்றால் சரி.

அடுத்த முறை ஸ்டாச்சூவில் இறங்கும்போது, குழந்தைகளுக்கு அந்தக் கும்பகோணத்துக்காரரின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள்.