போர்வைக்கு அடித்துணி: வீட்டிலுள்ள துணிகளை மூட்டும் முறை

ஒட்டுப் போர்வை தைக்கும் பெண்மணிகள் பலர், மேல்துணியைச் சிறு சிறு துண்டுகளால் சிக்கனமாகவும் அழகாகவும் அமைத்துவிடுகின்றனர். ஆனால் அடித்துணிக்கு வரும்போது கடைக்குச் சென்று புதுத் துணி வாங்குகின்றனர். அடித்துணியின் பரப்பு மேல்துணியின் பரப்பைவிடச் சற்றுக் கூடுதலேயன்றிக் குறைவன்று. ஆகவே ஒருபுறம் மிச்சம் பிடித்த பணம் மறுபுறம் செலவாகிவிடுகிறது. வீட்டில் உள்ள துணிகளைக்கொண்டே அடித்துணியையும் அமைத்துக்கொள்ளலாம். எனினும் உடலில் உராய்வதும், தரையில் இழுபடுவதும் அதுவே ஆதலால், மேல்துணியைக் காட்டிலும் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

கருவடிக்குப்பம், முத்தியால்பேட்டை முதலிய ஊர்ப்பகுதிகளில் தறியோடு பழகிய குடும்பங்களுக்கு இணைப்பு வேலை புதிதன்று. பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்கும் கைகளுக்கு, இரு துணிகளை மூட்டுவது அரிய செயலாகுமா?

பிற இடங்களின் வழக்கம்

வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்துக் காந்தா போர்வை செய்துவந்தனர். வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் பழம் புடவையொன்றை அடித்துணியாக விரித்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துண்டுகளை வைத்துத் தைத்துச் செல்கின்றனர். அங்கு அடித்துணிக்கெனப் புதுத் துணி தேடுவதே இல்லை.

நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிய துணிக்கும் இதில் பங்குண்டு. இந்திய அச்சுத் துணிகளின் வரவால் தன் நாட்டு நெசவாளர் நலிவர் என்று கருதிய பிரெஞ்சு அரசு, 1686இல் அவற்றுக்குத் தடை விதித்தது. அத்தடை 1759இல்தான் நீங்கிற்று. இங்கிலாந்தில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ள பழமையான ஒட்டுப் போர்வை, 1708ஆம் ஆண்டையொட்டி இந்திய அச்சுத் துணித் துண்டுகளால் தைக்கப்பட்டதென்று கருதப்படுகிறது. மாளிகைவாசிகளும் நம் துணியின் துண்டை எறியாமல் சேர்த்து வைத்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

துணி தெரிதல்

முதலாவது, ஒரே கனமுள்ள துணிகளைச் சேர்க்க வேண்டும். மெல்லிய வேட்டியைத் தடித்த விரிப்போடு மூட்டினால், மூட்டின் ஓரத்தில் மெல்லியது கிழிந்துவிடும். பருத்தியோடு செயற்கை இழைத் துணியைச் சேர்ப்பதும் தவறு. பருத்தி சுருங்கும்போது மற்றது சுருங்காமல் புடைத்து நிற்கும்.

இரண்டாவது, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இழை விலகி ஒளி புகும் இடங்களை வெட்டி நீக்குக. புடவையில் தரையில் உரசும் கீழ்க்கரைப் பகுதியே பெரும்பாலும் முதலில் நைகிறது.

மூன்றாவது, எல்லாத் துணிகளையும் தனித்தனியே துவைத்து உலர்த்திய பின்னரே வெட்ட வேண்டும். சாயத் துணியை நனைத்து, அதன்மீது வெள்ளைத் துண்டை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அது உதவாது. ஒரு சமயம் எம் வீட்டில் கருஞ்சிவப்புக் கைலித் துணியொன்றைத் துவைக்காமலே வெள்ளை வேட்டியோடு மூட்டிவிட்டோம். முதற் சலவையிலேயே சாயம் பரவி, ஒரு மாதத்து ஓய்வு நேர உழைப்பு முழுவதும் பாழாயிற்று.

அளவு

அடித்துணி நாற்புறமும் மேல்துணியைவிட 3 அங்குலம் மிகுந்திருத்தல் வேண்டும். தைக்கும்போது துணி உள்வாங்கும்; மிகுதியை இறுதியில் கத்தரித்துவிடலாம்.

60 அங்குல அகலமும் 84 அங்குல நீளமும் உள்ள போர்வையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 66க்கு 90 அங்குல அடித்துணி தேவை. பழைய கைலிகள் இரண்டின் மூட்டைப் பிரித்துத் துவைத்து, விளிம்பைக் கத்தரித்தபின் ஒவ்வொன்றும் 46 அங்குல அகலமும் 78 அங்குல நீளமும் உள்ளதாகக் கொள்வோம். ஒன்றை முழுதாக நடுவில் வைத்து, மற்றொன்றை நீளவாக்கில் இரண்டாக வெட்டி இருபுறமும் மூட்டுக. 23, 46, 23 ஆக 92 அங்குலம். இரண்டு மூட்டுகளுக்கு 2 அங்குலம் போக 90 நிற்கும். மறுபக்கத்தில் 78 இருப்பதால் 12 அங்குலம் மிஞ்சும். அதனை ஓரப் பட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

துணி சில அங்குலம் குறைந்தால் மனம் தளர வேண்டுவதில்லை. சிறு துண்டுகளை ஒன்றோடொன்று மூட்டி நீண்ட பட்டையாக்கி, இரு பெருந்துணிகளுக்கிடையே சேர்த்துவிடுக. குறை நீங்குவதோடு, பின்புறத்துக்கும் ஓர் அழகு கிடைக்கும்.

மூட்டும் முறை

விளிம்பு இழைகள் நெருங்கிச் செறிந்தவை; அவற்றை அப்படியே மூட்டினால் சலவைக்குப்பின் மூட்டு சுருங்கி இழுக்கும். எனவே முதலில் அவற்றைக் கத்தரித்தல் நன்று. பாவு இழை எல்லாத் துண்டுகளிலும் ஒரே திசையில் ஓடுமாறு வைத்து, ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு நெருக்கமாகத் தையுங்கள். மூட்டை விரித்து இஸ்திரி போட்டால் தடிப்பு குறையும்.

ஒரே மூட்டு நட்டநடுவில் வருவதைத் தவிர்க்க வேண்டும். போர்வையை மடிக்கும் இடமும் அதுவே ஆதலால், அங்குதான் துணி விரைவில் தேயும். மேல்துணியின் மூட்டும் அடித்துணியின் மூட்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாமலும் பார்த்துக்கொள்க. விழுந்தால் ஊசி இறங்காது. முடிவில் மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் துணி கோணவில்லை என்று அறியலாம்.

பின்னர் அடித்துணியைத் தரையில் மூட்டுப்புறம் மேலாக, இழுக்காமலும் சுருங்காமலும் விரித்து, அதன்மேல் நடு அடுக்கையும் மேல்துணியையும் பரப்பி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நூலோட்டுக. நம் கடற்கரை வெப்பத்துக்குப் பஞ்சு அடுக்கும் கட்டாயமன்று; பழைய வேட்டி ஒன்றே மார்கழிப் பனிக்குப் போதும்.

விற்பனைக்கு ஒரு நெறி

உடுத்துப் பழகிய துணி வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே உரியது. விற்பனைக்குத் தைப்பவர்கள் உடுத்தாத மிச்சத் துண்டுகளையே கொள்ள வேண்டும். அடித்துணி மூட்டப்பட்டது என்பதை வாங்குவோரிடம் சொல்லிவிடவும் வேண்டும். மறைத்து விற்ற ஒரு போர்வை, சங்கத்தின் பெயரையே கெடுத்துவிடும்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பழைய வேலை உடைகளையும் சாக்குத் துணிகளையும் கொண்டு போர்வை தைத்துவந்த கறுப்பினப் பெண்கள், 1966இல் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவை நிறுவினர். வாக்காளராகப் பதிவு செய்தமைக்காகப் பல குடும்பங்கள் குடியிருப்பை இழந்த காலம் அது. குளிருக்கெனத் தைத்த போர்வையே அப்பெண்களுக்குக் கூலியும் தன்மானமும் தந்தது. துணி புதிதாக இருந்ததனால் அது நிகழவில்லை. உழைப்பை ஒன்றாக மூட்டியதனால் நிகழ்ந்தது. நம் வீட்டுப் பெட்டியின் அடியில் கிடக்கும் துண்டுகளை ஒருமுறை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அடுத்த போர்வைக்கு வேண்டிய அடித்துணி அங்கேயே இருக்கக்கூடும்.