டைட்டன் வரை கூடவே போன ஒரு பக்

வெளிக்கோள்களோட நிலாக்களைப் பத்தி எபிசோடு போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டு இருந்தீங்க. யூரோபா, என்செலடஸ் எல்லாம் வரும், கொஞ்சம் பொறுங்க. முதல்ல டைட்டன். அதுக்குக் காரணம், இந்தக் கதையில ஒரு பக் இருக்கு. நம்மள மாதிரி கோட் எழுதிப் பிழைக்கிறவங்களுக்குத் தூக்கம் கெடுக்கிற வகை.

டைட்டன் சனியின் மிகப் பெரிய நிலா. விட்டம் 5,150 கி.மீ.; புதன் கோளைவிடப் பெரிசு. அடர்த்தியான காற்று மண்டலம் இருக்கிற ஒரே நிலாவும் இதுதான். தரையில் காற்றழுத்தம் பூமியைப் போல ஒன்றரை மடங்கு, வெப்பநிலை மைனஸ் 179 டிகிரி. ஆனா ஆரஞ்சு நிறப் புகைமூட்டம் மொத்தத்தையும் மூடியிருக்கு. 1980இல் வாயேஜர் 1 அருகில் போய் எடுத்த படங்களில் தரை தெரியவே இல்லை. இறங்கிப் பார்த்தால்தான் உண்டு.

அதற்காக 1997 அக்டோபர் 15 அன்று நாசாவின் காசினி கிளம்பியது. ஐரோப்பிய விண்வெளி முகமை செய்த ஹைகன்ஸ் என்ற சின்னக் கலத்தையும் அது சுமந்துபோனது. திட்டம் இதுதான்: ஹைகன்ஸ் பாராசூட்டில் இறங்கிக்கொண்டே டேட்டாவை காசினிக்கு அனுப்பும், காசினி அதைச் சேமித்து வைத்துப் பூமிக்கு அனுப்பும். பேட்டரி சில மணி நேரத்துக்குத்தான். ரீட்ரை எல்லாம் கிடையாது.

காசினி போய்க்கொண்டிருக்கும்போது, போரிஸ் ஸ்மெட்ஸ் என்ற ஐரோப்பிய முகமைப் பொறியாளருக்கு ஒரு சந்தேகம். அந்த ரேடியோ இணைப்பை, நிஜ வேகத்தில் என்ன நடக்குமோ அதே நிலையில் யாரும் முழுசா டெஸ்ட் பண்ணவே இல்லை. கிளம்பும் முன் பண்ணியிருக்கலாம். ஆனால் சில பாகங்களைக் கழற்றிப் பூட்ட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். (இந்த வரியைப் படிச்சதும் எனக்கு ஒரு பழைய ரிலீஸ் ஞாபகம் வந்துச்சு. "ஸ்டேஜிங்ல ஓடுதே"ன்னு தைரியமா சொன்னது நான்தான். அன்னைக்கு ராத்திரி முழுக்க ரோல்பேக்.)

2000 பிப்ரவரியில், கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் ஆண்டெனாவிலிருந்து ஹைகன்ஸ் பேசுவது போலவே ஒரு போலி சிக்னலை காசினிக்கு அனுப்பினார் ஸ்மெட்ஸ். வேகத்தால் வரும் டாப்ளர் மாற்றத்தையும் சேர்த்தே. திரும்பி வந்த டேட்டா குப்பை.

என்ன ஆச்சு? உங்களை நோக்கி வர்ற பஸ்ஸிலிருந்து ஒரு நண்பர் நொடிக்கு ஒரு பந்து வீசறார்னு வைங்க. பஸ் நெருங்க நெருங்க, அடுத்த பந்து கடக்க வேண்டிய தூரம் குறையுது. அதனால உங்க கைக்கு நொடிக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் கூடுதலா பந்து வரும். ஹைகன்ஸை நோக்கி காசினி நொடிக்கு சுமார் 5.5 கி.மீ. வேகத்தில் போகும் திட்டம். அலையின் அதிர்வெண் மாறும் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். பிட்கள் வந்து சேரும் வேகமும் மாறும் என்பதைத்தான் விட்டுவிட்டார்கள். நொடிக்கு 8,192 பிட். கணக்குப் போட்டால் ஏழு நொடிக்கு ஒரு பிட் அளவுதான் வித்தியாசம். அதைக்கூட ரிசீவரால் பின்தொடர முடியவில்லை. ஃபர்ம்வேரில் சின்ன மாற்றம் போதும். ஆனா அது பறந்துகொண்டிருக்கும்போது மாற்றவே முடியாத ஃபர்ம்வேர்!

கோடை மாத்த முடியலன்னா என்ன பண்ணுவீங்க? அவங்க பாதையையே மாத்தினாங்க. டைட்டனுக்கு மேல் சுமார் 1,200 கி.மீ. உயரத்தில் உரசிப் போக இருந்த காசினியை, 60,000 கி.மீ. தள்ளிப் போகவைத்தார்கள். அப்போது காசினி ஹைகன்ஸை நேராக நெருங்காமல் பக்கவாட்டில் கடக்கும். இருவருக்கும் இடையிலான தூரம் மெதுவாகத்தான் மாறும். டாப்ளர் அடங்கிவிடும். 2004 நவம்பரில் நடக்க இருந்த தரையிறக்கம் 2005 ஜனவரி 14க்குத் தள்ளிப்போனது. என் கண்ணில் இதுதான் உலகத்திலேயே காஸ்ட்லியான ஒர்க்அரவுண்ட்.

அது வேலை செய்தது. ஹைகன்ஸ் சுமார் இரண்டரை மணி நேரம் இறங்கி, தரையில் உட்கார்ந்த பிறகும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசியது. மேலிருந்து எடுத்த படங்களில் ஆற்றுக் கிளைகள் போன்ற கால்வாய்கள். அதை வெட்டியது தண்ணீர் இல்ல, திரவ மீத்தேன். தரையில் உருண்டு தேய்ந்த கூழாங்கற்கள். ஆனா கல் இல்ல, பாறை மாதிரி இறுகிப்போன தண்ணீர்ப் பனி.

ட்விஸ்ட் இன்னும் முடியல. ஹைகன்ஸ் இரண்டு சேனல்களில் பேசியது. அதில் ஒன்றைக் கேட்க வேண்டிய ரிசீவரை ஆன் செய்யும் கட்டளை, காசினிக்கு அனுப்பிய வரிசையில் விட்டுப்போயிருந்தது. பெரும்பாலான டேட்டா இரண்டிலும் போனது. படங்களை மட்டும் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதனால் சுமார் 700இல் 350 படம் போச்சு. காற்றின் வேகத்தை அளக்கும் சோதனை மொத்தமும் அந்தச் சேனலைத்தான் நம்பியிருந்தது. பல வருஷ உழைப்பு, ஒரே ஒரு வரி கமாண்டில் காலி.

ஆனா பூமியில் ரேடியோ தொலைநோக்கிகள் கேட்டுக்கொண்டிருந்தன. காசினிக்காக அனுப்பிய அந்த மெலிசான சிக்னலை, 120 கோடி கி.மீ. தள்ளி, அமெரிக்காவின் கிரீன் பேங்க் போன்ற தொலைநோக்கிகள் பிடித்துவிட்டன. உள்ளே இருந்த டேட்டாவைப் படிக்க முடியவில்லை. அலையின் அதிர்வெண் எப்படி ஏறி இறங்கியது என்பது மட்டும் கிடைத்தது. காற்று ஹைகன்ஸை எவ்வளவு வேகமாகத் தள்ளியது என்று கணக்கிட அது போதும். 120 கி.மீ. உயரத்தில் மணிக்கு 430 கி.மீ. வரை அடித்த காற்று, தரையருகே மெல்லிய தென்றல்.

ஆமா, அதைச் சொன்னதும் அதே டாப்ளர்தான். அடுத்த எபிசோடுல என்செலடஸ்.